நாற்பது மில்லி

அரை மராத்தான் ஓடி முடித்த அன்று மாலை எனக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. அதுவும் கொஞ்சம்தான். நான் பயப்படவில்லை. வெயிலில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி முத்துலட்சுமியும் அதையேதான் சொன்னாள். தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். நான் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அதுவும் வரவில்லை.

சிறுநீரகம் திடீரென்று நின்றுபோய், திரும்ப வேலை செய்யுமா என்ற ஒரே கேள்வியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும்தான். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் வேலை. இருபது வருடமாக ஆட்களை அதட்டியே பழகிய வாய். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓடாதே என்பது. காலைத் தேய்த்து நடக்காதே. எதையும் தரையில் இழுக்காதே. பாலியஸ்டர் துணி உடுத்தி வராதே. வெடிமருந்து இருக்கும் இடத்தில் உராய்வுதான் எமன். எங்கள் பக்கத்தில் வயது வந்த ஆள் ஒருவர் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ வெடித்துவிட்டது.

அப்படிப்பட்டவனை ஓட வைத்தது ஸ்டெல்லா. அவள் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஜெபராஜின் மனைவி. அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். தீக்காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்துக் கை காலை இழுத்துப் பிடிக்காமல் இருக்க, உடம்போடு இறுக்கமாக ஒட்டும் ஓர் ஆடையை (அழுத்த ஆடை) ஒரு வருடமாவது போட்டிருக்க வேண்டுமாம். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க வேண்டியது. பலருக்கு அது கிடைப்பதில்லை. அதற்காகத்தான் அந்த ஓட்டம். ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒருவர் ஓடி முடித்தால் ஒரு நோயாளிக்கு ஆடை என்று சொல்லியிருந்தார்.

"என் ரூம்ல இருபது வருசமா ஒரு பொறி பறந்ததில்ல, ஸ்டெல்லா. நான் எதுக்கு ஓடணும்?" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்போ உங்களுக்குத்தாண்ணே நன்றிக்கடன் கூடுதல்" என்றாள்.

பேரைக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் நாலு பேர். ஜெபராஜ், ஸ்டெல்லா, நான், காலண்டர் அச்சடிக்கும் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டும் மாரிக்கண்ணன். ஜெபராஜ் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஆகவே விசில் அவன் கையில். மாரிக்கண்ணனுக்குத் தொப்பை முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். நாலு மாதம் விடியற்காலையில் அச்சங்குளம் பக்கத்து ரோட்டில் பழகினோம்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கம்பெனி வேனுக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். அரை இருட்டில் நாலு பேர் ஓடி வருவதும், முன்னால் வருவது ஃபோர்மேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்குவாளிகளை அப்படியே போட்டுவிட்டு அவர்களும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி என் பக்கத்திலேயே ஓடி வந்தாள். "எங்கன வெடிச்சிருக்கு அண்ணாச்சி? எந்தக் கம்பெனி?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். அவள் தங்கச்சி முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தாளாம்.

ஒன்றுமில்லை, தர்மத்துக்கு ஓடுகிறோம் என்றேன். நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொழுப்பெடுத்துப் போயி ஓடுறீகளா? எங்க உசுரு போயி உசுரு வந்துச்சு" என்று கத்தினாள். மறுநாளிலிருந்து ஆட்களைக் கண்டால் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும் என்று ஜெபராஜ் உத்தரவு போட்டான். நாலு மாதமும் அப்படித்தான் ஓடினோம். மாரிக்கண்ணனுக்கு மூச்சு வாங்கி 'ஒண்ணு' மட்டும் வரும், 'இல்ல' வராது.

என் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெடிமருந்து கலக்கும் ரூமுக்குள் விடியலில் போனால், கலவை முடியும்வரை நான் வெளியே வருவதில்லை. வெளியே போய் வந்தால் காலில் மணல் ஒட்டி வரும். மணல் உராயும். ஆகவே காலையில் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டேன். குடித்தால்தானே போக வேண்டும்? முற்பகல் வரை ஒரு மடக்குகூட இல்லாமல் இருப்பேன். அதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். மருந்து அடைக்கும் பெண்கள் நடுவில் எழுந்து போகக் கேட்டாலும், "வீட்டுல எல்லாத்தையும் முடிச்சிட்டு வரத் தெரியாதா?" என்று அதட்டுவேன். அவர்களும் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். என் ரூம் ஒழுங்கான ரூம் என்று முதலாளியிடம் பேர் வாங்கியிருந்தேன்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் முழங்கால் வலித்தது. எங்கள் பக்கத்தில் உடம்பு வலித்தால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கலில் போய் "ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். செட் மாத்திரை (சீட்டு இல்லாமல் நாலைந்து மாத்திரைகளை உதிரியாகச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருவது) கைக்கு வந்துவிடும். நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை செய்யும் ஊரில் அது வெற்றிலை பாக்கு மாதிரி. வாரம் முழுக்கத் தின்றேன். ஓட்டத்தன்று விடியலில் ஒரு செட்டும், கிளம்பும் முன் ஒரு செட்டும்.

சாத்தூரில் தொடங்கிச் சிவகாசியில் முடிய வேண்டிய ஓட்டம். காலை ஐந்தரை என்று சொல்லியிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்து, துண்டு வாங்கி, ஓட்டத்தின் நன்மைகளை விளக்கி, கொடியை அசைத்தபோது ஏழேகால். பங்குனி மாதம். எல்லோருக்கும் பாலியஸ்டர் பனியன் கொடுத்திருந்தார்கள். அதைப் போட மனசு வராமல் என் பருத்திச் சட்டையிலேயே ஓடினேன். மாரிக்கண்ணன், "மாப்பிள்ள பொண்ணு பாக்கப் போறாரு" என்றான்.

வழியெங்கும் தண்ணீர் வைத்திருந்தார்கள். கப்பை நீட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிப்பவன் நான் இல்லை.

பதினாறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பிறகு தொடை. வியர்வை நின்றுவிட்டது, தோல் காய்ந்து சுட்டது. ஜெபராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஏலே சம்முகம், உக்காருலே. ஆம்புலன்ஸ் பின்னாலதான் வருது."

"நான் உக்காந்தா ஒரு ஆளு துணியில்லாம நிப்பாம்லே."

"அதெல்லாம் பேசிக்கிடலாம். உக்காரு."

உட்காரவில்லை. மாரிக்கண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு மீதியை இழுத்து இழுத்து முடித்தேன். எதையும் இழுக்காதே என்று ஊருக்குச் சொன்னவன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே அப்போதே எல்லாம் கெட்டுப்போயிருந்திருக்கிறது.

விளக்கெண்ணெயில் ஒரு நாள் போனது. அடுத்த நாள் முகம் வீங்கி, வாந்தி எடுத்து, கட்டிலை விட்டு எழ முடியாமல் போனபோது ஸ்டெல்லா வந்து பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள். விருதுநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சிறுநீரக மருத்துவர் சின்ன வயதுப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஓடும்போது தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

"குடிக்கலம்மா."

"ஒரு வாய்கூடவா?"

"பழக்கமில்ல."

"மாத்திரை ஏதாவது?"

"ரெண்டு செட்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எனக்கு வந்திருப்பது ராப்டோமயோலிசிஸ் (அளவுக்கு மீறி உழைத்த தசை சிதைந்து ரத்தத்தில் கலப்பது). சிதைந்த தசையின் சாயம் சிறுநீரகத்தில் போய் அடைத்திருக்கிறது. தண்ணீர் இருந்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். தண்ணீரும் இல்லை, போதாததற்கு வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிட்டது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவது) தொடங்க வேண்டும் என்றார்.

"திரும்ப வேலை செய்யுமா டாக்டர்?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

"பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஆனா இவருக்கு வரும்னு இன்னைக்கு என்னால எழுதிக் கொடுக்க முடியாது."

கழுத்தின் வலப்பக்கம் பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை நுழைத்துத் தைத்தார்கள்.

எங்கள் கம்பெனி ரூம்களுக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். ஏதாவது ஆனால் யாரும் யாரையும் தாண்டாமல் வெளியே பாய வேண்டும், அதற்காக. எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் வாசலை எண்ணுவது என் வழக்கம். டயாலிசிஸ் அறைக்கு ஒரே ஒரு வாசல்தான். என் கட்டில் அதற்கு எதிர்ச்சுவரோரம். கழுத்திலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போகும். ஒன்றில் என் ரத்தம் போகும், இன்னொன்றில் வரும். நாலு மணி நேரம். தலையைத் திருப்பினால் இயந்திரம் கத்தும்.

முதல் நாள் நர்ஸிடம், "தீப்பிடிச்சா நான் எப்படி வெளிய போறது?" என்று கேட்டேன்.

"இங்க எதுக்கு சார் தீப்பிடிக்கப் போகுது?" என்றார் அவர்.

என் ரூமில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றோடு வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். இங்கே என்னால் கழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் வரும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். குடிக்க நாளொன்றுக்கு அரை லிட்டர். மாத்திரை விழுங்கும் தண்ணீர், ரசம், எல்லாம் அதற்குள். முத்துலட்சுமி ஓர் அளவுக் கப்பை வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வேண்டாம் என்றவனுக்குத் தண்ணீரைத் தவிர வேறு நினைப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பாட்டிலைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இளநீரோடு வந்தார்கள். நீர் இறங்காதவனுக்கு இளநீர், ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம். ஆனால் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஓர் உப்பு) ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும். முத்துலட்சுமி வாசலிலேயே மறித்தாள். "நீங்களே குடிச்சிட்டுப் போங்க. அவுகளுக்குக் குடுத்தீகன்னா பால்தான் ஊத்தணும்" என்றாள். என் பெரியப்பா மகன் ஒரு குலையோடு வந்து, கோபித்துக்கொண்டு, குலையோடு திரும்பிப் போனார்.

தினமும் காலையில் நர்ஸ் வந்து கட்டிலுக்குக் கீழே இருக்கும் ஜாடியைப் பார்ப்பார். அதில் ஒன்றும் இருக்காது. அட்டையில் எழுதிக்கொண்டே "நில்" என்பார். ஒன்றுமில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்வது அது என்று எனக்கும் தெரியும். ஆனால் தினமும் எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது. எழுந்து ஓட முடியாமல் கிடப்பவனைப் பார்த்து ஒவ்வொரு காலையும் ஒருவர் வந்து "நில்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டயாலிசிஸ் அறையில் என் பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாளுக்கு. முப்பத்தெட்டு வயது. முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். பிரஷர் ஏறி இரண்டு சிறுநீரகமும் போய் ஐந்து வருடம் ஆகிறது. வாரம் மூன்று முறை பஸ் ஏறி வருவாள். இடது கையில் ஊசி குத்தவென்றே ரத்தக் குழாயைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் குறுகுறுவென்று ஓடும் என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

என் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"வழியில தண்ணி குடுத்தாகளா அண்ணாச்சி?"

"குடுத்தாக."

"எத்தன எடத்துல?"

"ஏழெட்டு எடம் இருக்கும்."

"அம்புட்டுலயும் வேண்டாம்னுட்டீகளா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கை அசைந்து இயந்திரம் கத்தி, நர்ஸ் ஓடி வந்து திட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

"கோவிச்சுக்கிறாதீக. எங்க ஃபோர்மேனும் உங்கள மாதிரித்தான். நடுவுல எந்திரிக்க விட மாட்டாரு. நாங்களும் குடிக்க மாட்டோம்" என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அவள் சிறுநீரகம் போனதற்கு அது காரணமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். பிரஷர்தான் காரணம், தண்ணீர் குடிக்காமல் இருந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அதில் நிம்மதி ஒன்றும் கிடைக்கவில்லை. என் ரூமில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றிலிருந்தும் என்னால் திரும்பிப் படுக்க முடியவில்லை.

பதினான்காம் நாள் என் புத்தி கெட்டுப்போனது. அன்று காலையும் "நில்". டாக்டர், இன்னும் சில வாரம் பார்ப்போம், இல்லையென்றால் நிரந்தர டயாலிசிஸுக்குக் கையைத் தயார் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இயந்திரத்தில் மாட்டியிருந்தபோது முத்துலட்சுமி பக்கத்தில் வந்து, சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் சொன்னேன்:

"நீ எண்ணெயத் தடவி ஒரு நாளக் கெடுத்த. அந்த ஒரு நாளு இருந்திருந்தா நான் இப்படிக் கெடந்திருக்க மாட்டேன்."

அவள் அளவுக் கப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

சொன்ன நொடியே தப்பு என்று தெரிந்தது. தண்ணீரை மறுத்தவன் நான், மாத்திரை தின்றவன் நான், உட்கார் என்றபோது உட்காராதவன் நான். எழுந்து அவள் பின்னால் போக வேண்டும். போக முடியாது. கழுத்தில் குழாய். மூன்று மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அத்தனை நாளும் நான் மாட்டிக்கொண்டு கிடந்தது முழுவதையும் அந்த மூன்று மணி நேரத்தில் அனுபவித்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

குழாயைக் கழற்றியதும் தட்டுத்தடுமாறி வெளியே போனேன். வராந்தாவில் ஜெபராஜும் ஸ்டெல்லாவும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். அழுது முடித்திருந்தாள்.

"தப்பு எம்மேலதான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஜெபராஜ் என் முகத்தைப் பார்க்காமல், அன்றைக்கு உன்னை அடித்தாவது உட்கார வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் நாலு பேர் கணக்கில் நாலு ஆடைகளும் வந்துவிட்டன, நாலு நோயாளிகளும் போட்டுக்கொண்டார்கள் என்றாள் ஸ்டெல்லா. நான் முடிக்காமல் விட்டிருந்தால் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்திருக்க மாட்டாரா என்று கேட்டேன்.

"கேட்டேண்ணே. ஓடப் பேரு குடுத்த அத்தன பேரு கணக்குலயும் ஆடை குடுக்கத்தான் ஏற்கெனவே ஏற்பாடு பண்ணியிருந்தாராம். ஓட வர்றவுகளுக்கு உற்சாகமா இருக்கட்டுமேன்னுதான் அப்படிச் சொன்னாராம்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கழுத்துத் தையல் தெறித்திருக்க வேண்டும். ஆனால் யாரைத் திட்டுவது? நல்லது செய்தவரையா?

பத்தொன்பதாம் நாள் காலை, அடிவயிற்றில் ஏதோ ஓர் அழுத்தம். வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அந்த உணர்வு இல்லாததால் என் உடம்பின் மொழி எனக்கே மறந்துபோயிருந்தது. ஜாடியை எடுத்துப் பிடித்தேன். எரிச்சலோடு சொட்டு சொட்டாக விழுந்தது. முத்துலட்சுமி குனிந்து பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்தார். "நாப்பது மில்லி" என்று சொல்லி அட்டையில் எழுதினார். நான் அவரைக் கும்பிட்டேன்.

அன்று டயாலிசிஸுக்குப் போனபோது பேச்சியம்மாளிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் நர்ஸுகள் மூலம் அறை முழுக்கத் தெரிந்திருந்தது.

"எம்புட்டு வந்துச்சு அண்ணாச்சி?"

"நாப்பது."

அவள் தன்னுடைய நாள் தண்ணீர் பாட்டிலை எடுத்து, விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். "இம்புட்டு இருக்குமா?"

"இருக்கும்."

"எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு."

"எனக்கு அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. கனவுல மட்டும் வரும்" என்றாள். பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, "நல்லா வரட்டும்" என்றாள்.

அடுத்த நாள் நூற்றுச் சொச்சம். பிறகு ஒரு வாரத்தில் அணை திறந்த மாதிரி வந்தது. இதை டையூரிசிஸ் நிலை (தேறி வரும் சிறுநீரகம் கட்டுப்பாடில்லாமல் நீரை வெளியேற்றுவது) என்கிறார்கள். இப்போது குடி குடி என்று விரட்டினார்கள். கிரியாட்டினின் இறங்கியது. கழுத்துக் குழாயை உருவி எடுத்தார்கள். அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி அரை மணி நேரம் அசையாமல் படுத்திரு என்றார்கள். நான் அசையாமல் படுத்திருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்கு அந்த நாற்பது மில்லி வரும், யாருக்கு வராது என்று எனக்குத் தெரியாது. நம்பிக்கையோடு இருந்தேன், அதனால் வந்தது என்று சொன்னால் அது பொய். பேச்சியம்மாள் என்னைவிட நம்பிக்கையோடு இருந்தவள். எனக்கு நோய் ஒரு வகை, அவளுக்கு வேறு வகை. அவ்வளவுதான்.

என் சிறுநீரகம் பழையபடி முழுதாகத் திரும்பவில்லை. செட் மாத்திரைக்கு வாழ்நாள் தடை. ஓடுவதற்கு டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் சண்டை போட்டு, ரூம்களுக்குப் பக்கத்தில் கால் கழுவ ஒரு தொட்டியும் ரப்பர் விரிப்பும் போட வைத்தேன். யார் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வரலாம். "ஃபோர்மேனுக்குப் பைப்பு ரிப்பேரானதும்தான் நமக்கு வழி பொறந்துச்சு" என்று பெண்கள் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொள்கிறார்கள். கலவைக்கு நடுவில் நானும் இரண்டு முறை வெளியே வருகிறேன். முன்பு உடம்பு எனக்கு வேலைக்காரன். நான் சொன்ன நேரத்துக்கு அது இருக்கும். இப்போது அது கூப்பிடும் நேரத்துக்கு நான் போகிறேன். ஒரு நாளில் எத்தனை முறை கூப்பிட்டது என்பதுதான் எனக்கு அந்த நாள்.

மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்கு விருதுநகர் போகிறேன். அப்போது டயாலிசிஸ் அறைக்கும் போய்ப் பேச்சியம்மாளைப் பார்ப்பேன். போன மாதம் போனபோது அவளுக்கு அப்போதுதான் ஊசி போட்டு இயந்திரத்தை ஓட விட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா செய்வீகளா?"

"சொல்லு தங்கச்சி."

"என் கண்ணு முன்னால ஒரு சொம்புத் தண்ணிய முழுசாக் குடிங்க. மெதுவாக் குடிக்காதீக. மடக்கு மடக்குனு. நான் பாக்கணும்."

நர்ஸிடம் கேட்டு ஒரு சொம்பு நிறைய வாங்கினேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டையும் ஏறி இறங்கியது. பாதியில் சொம்பை இறக்கினேன்.

"இன்னும் இருக்கு. அதையும் குடிங்க" என்றாள்.

குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். நன்றாக இருந்தது என்றாள்.

பிறகு அவள் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். கதை நீண்டது. எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரை அவளுக்கு முன்னால் குடித்துவிட்டு, அவளுக்கு முன்னாலேயே எழுந்து அதற்குப் போக என்னால் முடியவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.

அவள் கதையைப் பாதியில் நிறுத்தினாள். என் முழங்கால்களைப் பார்த்தாள்.

"போங்க அண்ணாச்சி. அடக்காதீக" என்றாள்.

போனேன்.